வட ஆர்க்காட்டு ஏரிகளைப் பற்றிப் பேச ஒரு செய்திக்குழு சர்வர்: எந்த வழி நமக்கு ஏற்றது?

பழைய வட ஆர்க்காட்டின் ஏரிகள், நடுகற்கள், ஊர்ப்பெயர்கள் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிற எங்கள் குழுவில் ஆசிரியர்களும், பாசனத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களும், விவசாயிகளும், கல்லூரி மாணவர்களும் இருக்கிறார்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மாவட்டங்கள் பிரிந்தாலும் தண்ணீர் பிரியவில்லை என்பதால் பேச்சும் ஒன்றாகவே நடக்கிறது. இதுவரை அது ஒரு கைபேசி அரட்டைச் செயலியில் நடந்தது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது, எந்த ஏரி எந்த நாளில் நிரம்பி வழிந்து கோடி போனது, எந்த மதகு அடைபட்டுக் கிடந்தது, எந்தக் கால்வாயை மண் மூடியிருந்தது என்று உறுப்பினர்கள் நேரில் பார்த்து எழுதினார்கள். அந்தச் செய்திகளில் பெரும்பகுதி இன்று யாரிடமும் ஒழுங்காக இல்லை. பழைய கைபேசிகளோடு சில போயின. பின்னால் சேர்ந்தவர்களுக்கோ அவை கண்ணில் படவே இல்லை. ஆகவே சொந்தமாக ஒரு செய்திக்குழு சர்வர் அமைப்பது என்று குழு முடிவெடுத்திருக்கிறது. அதை எந்த மென்பொருளில், எந்த இடத்தில், யார் பொறுப்பில் அமைப்பது என்பதை எடைபோட்டுப் பார்ப்பதற்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

இளையவர்களில் பலர் செய்திக்குழுவைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் அதன் இயக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளைப் பற்றிய இடுகைகளும் மறுமொழிகளும் சர்வரில் சேர்ந்து நிற்க, வாசிப்பான் என்ற மென்பொருளால் அவற்றைப் படித்து எழுதுகிற பொதுப் பலகைதான் செய்திக்குழு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் 1979-இல் எண்ணிய திட்டம், அடுத்த ஆண்டு யூஸ்நெட் என்ற பெயரில் இயங்கத் தொடங்கியது. 1986-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி 977 என்ற ஆவணம், சர்வர்கள் இணையத்தின் வழியே இடுகைகளைப் பரிமாறிக்கொள்வதற்கான என்.என்.டி.பி. நெறிமுறையை வகுத்தது, 2006-இல் ஆர்.எஃப்.சி 3977 அதைப் புதுப்பித்தது. ஒவ்வொரு இடுகைக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாளக் குறி தரப்படுகிறது. மறுமொழி எழுதுபவரின் இடுகை, தான் எதற்கு மறுமொழி என்பதை அந்தக் குறியைக் கொண்டே சொல்லிவிடும். அதனால் எந்தச் சர்வரில் திறந்து பார்த்தாலும் பேச்சின் இழை அறுபடாமல் நிற்கும். ஒரே இடுகை இரண்டு வழிகளில் ஒரு சர்வருக்கு வந்து சேர்ந்தாலும், குறி ஒன்றே என்பதால் இரண்டாவது வரவு ஒதுக்கப்படும். பத்து பேர் பத்து இடங்களில் முழுப் பிரதியை வைத்துக்கொள்ளலாம். எப்போது வேண்டுமானாலும் அவற்றைக் குழப்பமின்றி ஒன்று சேர்க்கலாம். நாம் தேர்ந்தெடுக்கப்போகும் வழி எதுவானாலும், பேச்சின் முழுத் தொகுப்பை ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் எளிதாகக் கையில் வைத்திருக்க இடம்தருகிறதா என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்ற வசதிகளையெல்லாம் அதற்குப் பின்புதான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சொந்தச் சர்வரே வேண்டாம், யூஸ்நெட்டிலேயே ஓர் இடம் பிடித்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். சாக்.கல்ச்சர்.தமிழ் என்ற குழு அங்கே நெடுங்காலமாக இருக்கிறது. 1990-களில் வெளிநாடுவாழ் தமிழர்கள் ரோமன் எழுத்தில் தமிழ் எழுதி விவாதித்த இடம் அது. ஆனால் அங்கே யார் எழுதலாம் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. 2024 பிப்ரவரி 22-ஆம் தேதியிலிருந்து கூகுள் குரூப்ஸ் யூஸ்நெட்டின் புதிய இடுகைகளை ஏற்பதையும் காட்டுவதையும் நிறுத்திவிட்டதால், புதிதாக வருபவர்கள் உலாவியில் எளிதாக நுழையும் வழியும் குறுகிவிட்டது. நம் ஊர் ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றிப் பெயர் சொல்லி எழுதுகிற ஒரு விவசாயியின் சொற்கள், நாமறியாத எத்தனையோ சர்வர்களுக்குத் திரும்பப் பெற முடியாதபடி பரவுவதும் எனக்கு உவப்பாக இல்லை. இந்த வழியை விட்டுவிடலாம்.

அடுத்து, சிறிய மென்பொருள்கள். வெண்ட்செல் என்.என்.டி.பி.டி. என்பது நிறுவ எளிதானது. இடுகைகளை எஸ்க்யூலைட் போன்ற தரவுத்தளத்தில் சேர்த்து வைக்கிறது. ஓர் அலுவலகத்துக்கோ கல்லூரி வளாகத்துக்கோ அது போதும். ஆனால் சர்வர்கள் தங்களுக்குள் இடுகைகளைப் பரிமாறிக்கொள்வது அதன் நோக்கத்திலேயே இல்லை. நம் முதல் அளவுகோலில் அது நின்றுவிடுகிறது. லீஃப்நோட் அதற்கு நேர்மாறானது. தொலைபேசி வழியே இணையத்தில் இணைந்த காலத்தில், பெரிய சர்வரிலிருந்து வேண்டிய குழுக்களை மட்டும் இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிப்பதற்காக உருவான மென்பொருள் அது. அதன் போக்கு ஒன்றை நாம் கவனிக்க வேண்டும்: ஒரு குழுவை யாரும் ஒரு வாரம் படிக்கவில்லை என்றால், மாற்றி அமைக்காதவரை, அந்தக் குழுவை இறக்குவதையே அது நிறுத்திவிடும். சிறிய வட்டையும் மெதுவான இணைப்பையும் சிக்கனமாகப் பயன்படுத்துவதற்கு அது சரியான ஏற்பாடு. தனி ஒருவரின் மேசைக்கு லீஃப்நோட்டை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். ஆனால் கோடையில் நான்கு மாதம் யாரும் எட்டிப் பார்க்காத 'மதகு அளவுகள்' போன்ற ஒரு குழுவை மழைக்காலத்தில் தேடி வரும் எங்களைப் போன்றவர்களின் காப்பகமாக அதை நம்ப முடியாது.

பப்ளிக் இன்பாக்ஸ் என்ற மென்பொருள் இவற்றைவிட ஆழமாக எண்ணிப் பார்க்கத் தகுந்தது. லினக்ஸ் கெர்னல் உருவாக்குநர்களின் கடிதப் போக்குவரத்தைக் காக்கும் லோர் தளம் இதில்தான் இயங்குகிறது. ஒவ்வொரு மடலும், கோப்புகளின் மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளின் களஞ்சியத்தில் சேர்கிறது. யார் வேண்டுமானாலும் அந்தக் களஞ்சியத்தை அப்படியே நகலெடுத்துக்கொள்ளலாம். அதே தொகுப்பை உலாவியிலும் செய்திக்குழு வாசிப்பானிலும் படிக்கலாம். உள்ளே தேடலும் உண்டு. முதல் அளவுகோலில் இதற்கு முழு மதிப்பெண் தர வேண்டும். சிக்கல், எழுதுவதில் இருக்கிறது. இதன் செய்திக்குழு முகம் படிப்பதற்கு மட்டுமே. எழுத வேண்டுமானால் மின்னஞ்சல்தான் வழி. நம் உறுப்பினர்களில் பலருக்கு மின்னஞ்சல் முகவரி என்பது கைபேசி வாங்கிய நாளில் கடைக்காரர் உருவாக்கிக் கொடுத்த ஒன்று. அதன் கடவுச்சொல் நினைவில் இருப்பதில்லை. இன்னொரு பக்கம், வாடகைச் சர்வரிலிருந்து மின்னஞ்சல் அனுப்புவதே ஒரு தனி வேலையாகிவிட்டது. சர்வரிலிருந்து மின்னஞ்சல் வெளியே போகும் 25-ஆம் எண் வாசலைப் பல நிறுவனங்கள் அடைத்தே தருகின்றன. அதைத் திறக்கச் செய்தாலும், அனுப்புநர் சான்றுகள் எல்லாவற்றையும் சரியாக அமைத்தால்தான் மடல் குப்பைப் பெட்டிக்குப் போகாமல் தப்பும். இந்த வேலையைச் சுமக்கத் தன்னார்வலர்கள் இருக்கும் குழுவுக்கு இது சிறந்த தேர்வு. எங்களிடம் அத்தனை கைகள் இல்லை.

எஞ்சுவது ஐ.என்.என். (இன்டர்நெட்நியூஸ்) என்ற செய்திச் சர்வர் மென்பொருள். ரிச் சால்ஸ் 1990-களின் தொடக்கத்தில் எழுதியது, இன்றும் பராமரிக்கப்படுகிறது, 2022-இல் அதன் 2.7 பதிப்பு வந்தது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். 'இது பெரிய நிறுவனங்களுக்கானது, நமக்கு எதற்கு யானை?' என்ற தயக்கம் குழுவில் எழுந்தது. அந்தத் தயக்கத்தில் பொருள் இருக்கிறது, ஏனென்றால் அமைப்புக் கோப்புகள் பல. ஆவணங்களோ தெரிந்தவருக்காக எழுதப்பட்டவை போல் இருக்கின்றன. ஆனால் அதன் எடை நிறுவும் நாட்களில்தான் தெரியும். ஓடத் தொடங்கிய பிறகு அது கேட்பது மிகக் குறைவு. ஒரு நாளைக்கு ஐம்பது இடுகைகள், ஒவ்வொன்றும் ஐந்து கிலோபைட் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் ஓர் ஆண்டுக்கு நூறு மெகாபைட்டைத் தொடாது. ஒரு ஜி.பி. நினைவகமுள்ள மிகச் சிறிய வாடகைச் சர்வர் போதும். ஒவ்வொரு நாளும் ஓடும் பராமரிப்பு நிரல் தன் அறிக்கையைப் பொறுப்பாளருக்கு அனுப்பிவிடும். அதைப் படிக்கும் பழக்கம் இருந்தால் பெரும்பாலான கோளாறுகளை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம்.

ஐ.என்.என்.-ஐத் தேர்ந்தெடுத்தால் அதற்குள்ளேயே சில தேர்வுகள் காத்திருக்கின்றன. இவற்றைத் தவறவிட்டால் மென்பொருளைத் தேர்ந்தெடுத்ததன் பயனே போய்விடும் என்பதால் விரித்துச் சொல்கிறேன். இடுகைகளைச் சேமிக்கும் முறைகளில் சி.என்.எஃப்.எஸ். என்பது வேகமானது, ஆனால் அது முன்கூட்டியே ஒதுக்கிய அளவுள்ள வளையக் கோப்புகளில் எழுதும், வளையம் நிரம்பினால் பழையதன் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். வெள்ளமெனக் கோப்புகள் பாயும் பெரிய சர்வர்களுக்கு அது ஏற்றது. நமக்கு வேண்டியது ட்ரேட்ஸ்பூல் என்ற பழைய முறை. அதில் ஒவ்வொரு குழுவும் ஓர் அடைவு, ஒவ்வொரு இடுகையும் ஓர் எளிய உரைக்கோப்பு. நாளை ஐ.என்.என். என்ற மென்பொருளே இல்லாமல் போனாலும், அந்தக் கோப்புகளை எந்த உரைத்தொகுப்பானிலும் திறந்து படிக்கலாம். ஆர்சிங்க் கட்டளையால் இன்னொரு கணினிக்கு நகலெடுக்கலாம். வேகத்தில் நாம் இழப்பது நம் அளவுக்கு ஒன்றுமில்லை.

இன்னொன்று, காலாவதி விதி. ஐ.என்.என்.-உடன் வரும் மாதிரிக் காலாவதிக் கோப்பு, எல்லாக் குழுக்களின் இடுகைகளையும் வழக்கமாகப் பத்து நாளில் நீக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. யூஸ்நெட்டின் பெருவரவைத் தாங்குவதற்காக வைத்த விதி அது. நம் சர்வரில் முதல் நாளே அதை 'ஒருபோதும் நீக்காதே' என்று மாற்ற வேண்டும். அதேபோல, பத்து நாளுக்கு மேல் பழைய தேதியிட்ட இடுகை வந்தால் ஏற்காமல் தள்ளிவிடுகிற ஓர் அளவும் முதன்மை அமைப்புக் கோப்பில் இருக்கிறது. அதைச் சுழியமாக்கினால்தான் பழைய செய்திகளை அவற்றின் உண்மையான தேதியோடு உள்ளே ஏற்றவும், பின்னாளில் இரண்டாம் சர்வருக்கு முழுத் தொகுப்பைக் கொண்டுபோகவும் முடியும். நிறுவனப் பெயர் என்ற வரியையும் மறக்காமல் நிரப்ப வேண்டும்; நிரப்பாவிட்டால் 'மோசமாக நிறுவப்பட்ட இன்டர்நெட்நியூஸ் தளம்' என்ற பொருள்படும் ஆங்கில வாசகம் ஒவ்வொரு இடுகையின் தலைப்பகுதியிலும் ஏறிவிடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு நுணுக்கம் உண்டு. எழுத்துகளைக் கணினியில் பதியும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் மூன்று பைட்டுகள் ஆகின்றன. 'ஏரி' என்ற சொல்லில் ஏகாரம், ரகரம், இகரக் கொக்கி என மூன்று புள்ளிகள்; ஆக ஒன்பது பைட்டுகள். அதை எட்டு பிட்டாக அப்படியே அனுப்பினால் ஒன்பதாகவே நிற்கும். சாதாரண ஆங்கிலக் குறிகளாக மாற்றி அனுப்பும் பேஸ்64 முறையில் பன்னிரண்டாகும். அதே நோக்கமுள்ள கோட்டட் பிரிண்டபிள் முறையில் இருபத்தேழாக வீங்கும். இடத்தைப் பற்றிக் கவலை இல்லை. கவலை தேடலைப் பற்றியது. எட்டு பிட்டில் கிடக்கும் கோப்புகளில் 'காவேரிப்பாக்கம்' என்று கிரெப் கட்டளையால் தேடினால் உடனே கிடைக்கும். பேஸ்64-இல் கிடந்தால் கிடைக்காது. நெறிமுறைப்படி ஒரு வரி 998 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. தமிழில் அது ஏறத்தாழ 330 புள்ளிகள்தான். அதனால் வரி முறிக்காமல் ஒட்டப்பட்ட ஒரு நீண்ட பத்தி எளிதாக எல்லையைக் கடந்துவிடும். சில வாசிப்பான்கள் அந்த இடத்தில்தான் முழு இடுகையையும் பேஸ்64-ஆக மாற்றி அனுப்புகின்றன. உறுப்பினர்களின் வாசிப்பான்களில் வரி மடிப்பையும் எட்டு பிட் அனுப்புதலையும் தொடக்கத்திலேயே அமைத்துக் கொடுப்பது பொறுப்பாளரின் கடமை. தலைப்பு வரியை மட்டும் எப்படியும் குறியேற்றித்தான் அனுப்ப வேண்டும் என்பதால், தலைப்புகளைத் தேடுவதற்கு ஒரு சிறு நிரல் தேவைப்படும். குழுக்களின் பெயர்களும் ரோமன் சிறிய எழுத்துகளில்தான் அமைய வேண்டும். அதை இப்போதைக்கு ஏற்றுக்கொண்டு, குழுவுக்கான விளக்க வரியைத் தமிழில் எழுதலாம்.

படங்களில் இந்த வழி பலவீனமானது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐ.என்.என். ஓர் இடுகைக்கு வழக்கமாக வைத்திருக்கும் உச்சவரம்பு பத்து லட்சம் பைட்டுகள். படத்தை இணைக்கும்போது மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுவதால், எழுநூறு கிலோபைட்டுக்கு மேற்பட்ட படம் உள்ளே போகாது. வரம்பை உயர்த்தலாம், உயர்த்தினால் பிரதி வைத்திருக்கும் ஒவ்வொருவரின் வட்டும் நிரம்பும். செங்கம் பகுதி நடுகற்களைப் போல எழுத்து தேய்ந்த கல்லின் படத்தைச் சுருக்கினால் படிக்கவேண்டிய எழுத்தே மறைந்துபோகும். ஆகவே முழு அளவுப் படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் கட்டற்ற உரிமத்தில் ஏற்றிவிட்டு, சுருக்கிய படத்தையும் இணைப்பையும் கல் நிற்கும் இடத்தின் விவரத்தையும் இடுகையில் வைப்பது என்ற வழக்கத்தை வகுத்துக்கொள்ளலாம்.

இனி, சர்வர் எங்கே இருப்பது என்ற கேள்வி. வேலூரிலேயே ஒருவர் வீட்டில் வைத்தால் செலவு குறைவு, நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்ற வாதத்தில் ஓர் உரிமை உணர்வு இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் வீட்டு இணைய இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி முகவரி கிடைப்பதில்லை. பலருக்கும் பொதுவான ஒரு முகவரிக்குப் பின்னால் நிற்கும் கணினியை வெளியிலிருந்து எட்ட முடியாது. பராமரிப்பு மின்தடை என்று நாளிதழில் அறிவிப்பு வந்த நாளில் காலை 9 மணிக்குப் போகும் மின்சாரம் மாலையில்தான் திரும்பும். வீட்டு இன்வெர்ட்டர் அதுவரை தாங்கும் என்று எண்ணிவிட முடியாது. கத்திரி வெயிலில் வேலூரின் மாடி அறையில் இரவும் பகலும் ஓடும் வட்டின் நிலைமையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மும்பையிலோ சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு சிறிய வாடகைச் சர்வர், மாதம் சில நூறு ரூபாய்ச் செலவில் இந்தத் தொல்லைகளையெல்லாம் நீக்கிவிடும். அதற்குரிய ஆபத்து வேறு: பணம் கட்டுகிறவர் மறந்துவிட்டால் ஒரே நாளில் எல்லாம் மறைந்துவிடலாம்.

இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் செய்திக்குழுவில் இல்லை; அதன் பெருமையே அதுதான். முதன்மைச் சர்வர் வாடகை இடத்தில் இருக்கட்டும். வேலூரில் ஒரு பழைய கணினியில் இரண்டாவது ஐ.என்.என். ஓடட்டும். ஐ.என்.என்.-உடனேயே புல்நியூஸ் என்ற நிரல் வருகிறது. அது வேலூர்க் கணினியிலிருந்து தானே வெளியே போய், ஒரு வாசகரைப் போல முதன்மைச் சர்வரில் நுழைந்து, புதிய இடுகைகளை வாங்கிக்கொண்டு வந்து உள்ளூர்ச் சர்வரில் சேர்க்கும். வெளியிலிருந்து யாரும் அந்தக் கணினியை எட்ட வேண்டிய தேவையே இல்லாததால் முகவரிச் சிக்கல் விலகிவிடுகிறது. மின்சாரம் எட்டு மணி நேரம் இல்லாமல் போனாலும், வந்தவுடன் விட்ட இடத்திலிருந்து தொடரும். வேலூர்ப் பிரதியைப் படிப்பதற்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் அமைப்பு இன்னும் எளிது. நாளை திருப்பத்தூரிலோ ஆரணியிலோ ஒரு நூலகம் விரும்பினால் அங்கே மூன்றாவது பிரதியை இதேபோல வைக்கலாம்.

யார் நுழையலாம் என்பதில் என் நிலை தெளிவானது. உறுப்பினர்களுக்கு மட்டும் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தந்து, 563-ஆம் எண் வாசலில் மறைகுறியாக்கத்தோடு மட்டுமே உள்ளே விட வேண்டும். மறைகுறியாக்கம் இல்லாத வழக்கமான 119-ஆம் எண் வாசலை வெளியுலகுக்கு அடைத்துவிடலாம். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ் போதும். ஆனால் அதன் சாவிக்கோப்பை ரூட் என்ற தலைமைப் பயனர் மட்டுமே படிக்க முடியும்படி வைப்பது வழக்கம், செய்திச் சர்வரோ நியூஸ் என்ற பயனராக இயங்குகிறது. ஆகவே சான்றிதழ் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதை நியூஸ் பயனருக்கு உரியதாக நகலெடுக்கும் ஒரு சிறு நிரலை எழுதி வைக்காவிட்டால், ஒருநாள் காலையில் எல்லோருக்கும் கதவு அடைபட்டிருக்கும். உறுப்பினர்களின் உண்மையான மின்னஞ்சல் முகவரி இடுகையில் தெரிய வேண்டியதில்லை. இன்வேலிட் என்று முடியும், மடல் போய்ச் சேராத முகவரிகளை நெறிமுறையே அனுமதிக்கிறது. ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றி எழுதுகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு அவசியம். தவறான இடுகையைப் பொறுப்பாளர் ஒரு கட்டளையில் நீக்கலாம், ஆனால் பிரதிகள் பல இடங்களில் இருக்கும்போது ஒவ்வொரு இடத்திலும் நீக்கினால்தான் நீக்கம் முழுமையாகும். பல கைகளில் பிரதி வேண்டும் என்று நான் வாதாடுவதற்கு நாம் கொடுக்கும் விலை இது. பிரதி வைத்திருப்பவர்கள் இந்தப் பொறுப்பை எழுத்தில் ஏற்றுக்கொண்ட பிறகே அவர்களுக்கு அனுமதி தர வேண்டும்.

கடைசியாகக் கைபேசி. தண்டர்பேர்டு, பான், எஸ்.எல்.ஆர்.என். போன்ற வாசிப்பான்கள் கணினியில் அருமையாக இயங்குகின்றன. ஆனால் எங்கள் உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் கைபேசியைத் தவிர வேறு கருவி இல்லை. உலாவியில் திறக்கும் ஒரு முகம் இல்லாவிட்டால், இத்தனை கவனமாக அமைத்த சர்வரில் நான்கைந்து கணினிக்காரர்கள் மட்டுமே பேசிக்கொண்டிருப்பார்கள். டி நிரல்மொழிச் சமூகம் பயன்படுத்தும் டிஃபீட், உலாவியில் எழுதுபவரையும் செய்திக்குழு வாசிப்பானில் எழுதுபவரையும் ஒரே இழையில் சேர்க்கிறது. பார்க்க அழகானது, ஆனால் அதைப் பராமரிக்க அந்த மொழி தெரிந்தவர் வேண்டும். நியூஸ்போர்ட்டல் என்ற பழைய பி.எச்.பி. நிரலிலிருந்து வளர்ந்த ராக்சாலிட் லைட் அத்தனை நேர்த்தியாக இல்லை, ஆனால் பி.எச்.பி. தெரிந்தவர்கள் காட்பாடியிலிருந்து ஆம்பூர்வரை எங்கும் கிடைப்பார்கள். நம் சூழலுக்கு இரண்டாவதே பொருந்தும். அதன் பக்கங்களில் உள்ள ஆங்கில வாசகங்களைத் தமிழாக்கும் வேலையை மாணவ உறுப்பினர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

எனவே என் பரிந்துரை: வாடகைச் சர்வரில் ஐ.என்.என்., ட்ரேட்ஸ்பூல் சேமிப்பு, காலாவதி இல்லை, உறுப்பினர்களுக்கு மட்டும் நுழைவு, முன்னால் ராக்சாலிட் லைட், வேலூரில் புல்நியூஸ் வழியே ஒரு முழுப் பிரதி. வேலூர்ப் பிரதி ஓடத் தொடங்கி, அதிலிருந்து முதன்மைச் சர்வரை மீட்டெடுத்துப் பார்த்த பிறகுதான் உறுப்பினர்களை அழைக்க வேண்டும். களப்பெயரின் உரிமையும் வாடகைக் கணக்கின் கடவுச்சொல்லும் வெவ்வேறு ஊர்களில் வாழும் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். தொடக்கத்தில் ஏரிகள், கல்வெட்டும் நடுகல்லும், ஊர்ப்பெயர்கள் என மூன்று குழுக்கள் போதும். மதகு அளவுகளுக்குத் தனிக்குழு வேண்டுமா என்பதை முதல் மழைக்காலம் முடிந்ததும் ஏரிகள் குழுவில் சேர்ந்திருக்கும் இடுகைகளைப் பார்த்து முடிவு செய்யலாம்.